கூப்பிட்டால் கேட்காதவர்கள்

மூதூர் வாசகர் ஒருவரின் கேள்வி, ஓகஸ்ட் 18

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடும் வேலை எனக்கு. கணினிக்கு முன்னால் இருந்துவிட்டால் வேறு எதுவும் தெரியாது. சோறு ஆறிப்போகும், தெரியாது. மனைவி கூப்பிடுவாள், கேட்காது. "கருமமே கண்ணாயினார்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதானே இது? ஆனால் வீட்டில் இதற்குத்தான் சண்டை. வரமா, வருத்தமா? இன்னும் ஆழமாகப் போக வழி இருந்தால் சொல்லுங்கள். குறைக்கிற வழி வேண்டாம்.

ஓகஸ்ட் 18, இரவு

குறைக்கிற வழி என்னிடமும் இல்லை. ஒரு கேள்விதான் இருக்கிறது. நீங்கள் வரைபடத்துக்குள் இருந்த நேரம் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஓகஸ்ட் 19

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுப்பைப் பற்றிக் கேட்கிறாள் என்று இரண்டு பேர் கோபித்திருக்கிறார்கள். பதில் வருகிறது, பொறுங்கள்.

நானும் உங்கள் கூட்டம்தான் தம்பி. திருகோணமலையில் வீட்டோடு தையல். சாரிச் சட்டைதான் அதிகம். ஆவணிக் கலியாணங்கள் வந்துவிட்டால் அது மட்டும்தான். சட்டையில் என்னை அப்படியே விழுங்குகிற இடம் கை பொருத்துவது. கைத்துண்டின் வளைவு, உடம்புத் துண்டில் வெட்டிய வட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அப்படி இருந்தால்தான் போடுகிறவர் கையைத் தூக்கலாம். அந்தக் கூடுதலைச் சுருக்கம் விழாமல் உள்ளே ஏற்ற வேண்டும். விரல் நுனியால் துணியைத் தள்ளி, ஒரு குத்து, திரும்பத் தள்ளி, இன்னொரு குத்து. அந்த நேரம் மெஷின் சத்தமே எனக்குக் கேட்பதில்லை. மீன்காரர் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிருப்பார். அடுத்த வீட்டு அக்கா பிறகு வந்து, "பாரை வந்தது, நீ வரவில்லையே" என்பார்.

ஆகவே உங்கள் மனைவியிடம் ஒன்றைச் சொல்லலாம்: "கேட்டும் கேளாத மாதிரி இருக்கிறார்" என்பது பொய்க் குற்றச்சாட்டு. லண்டனில் 2011-இல் மெக்டொனால்ட், லாவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கண்ணுக்குக் கடினமான வேலை கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு ஒலியை விட்டார்கள். கண் வேலை கடினமாக இருந்தபோது பலருக்கு அந்த ஒலி கேட்கவே இல்லை. காதில் ஒரு குறையும் இல்லை. கவனம் முழுவதையும் கண் எடுத்துக்கொண்டுவிட்டது.

இதை வைத்துச் சண்டையில் வெல்லலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மோரே என்பவர் 1959-இல் செய்த இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரு காதில் வருவதை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், மற்றக் காதில் வருவதை விட்டுவிட வேண்டும். விட்ட காதில் என்ன சொன்னாலும் ஆட்களுக்கு ஏறவில்லை. ஆனால் அவரவர் சொந்தப் பெயரைச் சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் பெயர் உள்ளே நுழையும், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும். நம் வீடுகளில் புருஷனைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? "இஞ்சாருங்கோ" என்றால் மூளை அதை யாருக்கோ என்று விட்டுவிடுகிறது.

ஓகஸ்ட் 19, பிறகு

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா வீட்டில் இருக்கும்போது தொடங்க வேண்டாம்.

ஓகஸ்ட் 22

ஆழமாகப் போக வழி கேட்டீர்கள். இதில் பெரிய பெயர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஹங்கேரியக் குடும்பம், 1934-இல் பிறந்தவர், 2021-இல் காலமானார், அமெரிக்காவில் சிக்காகோவில் வேலை செய்தவர். ஓவியர்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று விளங்கவில்லை. படம் வரைகிறபோது பசி, தூக்கம் மறந்து கிடக்கிற ஆள், படம் முடிந்ததும் அதைச் சுவரோடு சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். முடிந்த படத்தில் ஆசையே இல்லை. அப்படியானால் எதற்காக அந்தப் பாடு? பிறகு சதுரங்கம் ஆடுகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், சத்திர சிகிச்சை வைத்தியர்கள், நடனக்காரர் என்று பலரிடம் கேட்டு 1975-இல் புத்தகமாகப் போட்டார்.

அவர் சொன்ன நிபந்தனைகள் சுருக்கமாக: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா பிழையா என்று உடனே தெரிய வேண்டும். வேலையின் கஷ்டமும் உங்கள் கைத்திறனும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். வேலை கூடக் கஷ்டம் என்றால் பதற்றம், கூட இலேசு என்றால் அலுப்பு.

கை பொருத்துவதில் இந்த மூன்றும் இருக்கிறது. சுருக்கம் விழுந்தால் அந்த நிமிஷமே கண்ணில் படும். வரைபடத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். கோடு கோட்டோடு முட்டாவிட்டால் திரையில் தெரிந்துவிடுமே.

ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. தை மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைப்பேன். அரசாங்கம் கொடுக்கிற வெள்ளைத் துணி, ஒரே வெட்டு, ஒரே அளவுகள், கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். அவர் கணக்கில் அது அலுப்பு. எனக்கோ அதிலும் மணிக்கணக்காக ஒன்றும் கேட்பதில்லை. அது எப்படி?

ஓகஸ்ட் 23

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே பட்டன் தைத்தேன், விடை அதிலேயே கிடைத்தது.

சீருடை தைக்கும்போது நான் துணியில் இல்லை. மனசுக்குள், பாதை உரிமைக்காக நடக்கிற எங்கள் குடும்ப வழக்கில் சின்னம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது, நான் சொல்லியிருக்க வேண்டியது, அதற்கு அவர் சொல்லியிருக்கக்கூடியது. கை தன்பாட்டில் விளிம்பு மடித்துத் தைக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: குனிந்த தலை, கூப்பிட்டால் பதில் இல்லை. உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். எழும்பும்போது "கடைசியாக என்ன செய்தேன்?" என்று கேட்டுப் பார்ப்பேன். கை பொருத்திவிட்டு எழும்பினால் எந்த இடத்தில் துணி முரண்டு பிடித்தது என்று சொல்வேன். சீருடையிலிருந்து எழும்பினால் சின்னம்மா முகம்தான் தெரியும்.

கிலிங்ஸ்வேர்த், கில்பேர்ட் என்ற இரண்டு பேர் 2010-இல் 2,250 பேரைக் கைத்தொலைபேசி வழியாக நினையாத நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறீர்களா? கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட 47 வீதம் மனம் வேறெங்கோ. அப்படி அலையும்போது ஆட்களின் சந்தோஷமும் குறைவு. சின்னம்மாவோடு நான் எத்தனை முறை வென்றிருக்கிறேன், ஒரு முறையாவது சிரித்துக்கொண்டு எழும்பியதில்லை.

ஓகஸ்ட் 24

"அப்படியானால் யோசனையில் ஆழ்வது எல்லாம் வீணா?" என்று ஒருவர். இல்லை. பூசலாரை நினைத்துப் பாருங்கள். கையில் காசில்லாமல் மனசுக்குள் கோயில் கட்டிய நாயனார். அவர் சும்மா கனவு காணவில்லை. கல்லும் மரமும் தேடி, தச்சரைச் சேர்த்து, அத்திவாரம் போட்டு, சிகரம் வைத்து, கிணறு வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார், எல்லாம் நெஞ்சுக்குள். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் அரசனின் கனவில் போய், "உன் நாளை மாற்று, நான் திருநின்றவூருக்குப் போக வேண்டும்" என்கிறார்.

பூசலாரிடம் "கடைசியாக என்ன செய்தீர்?" என்று கேட்டிருந்தால், மதிலில் எத்தனையாவது வரிசைக் கல் என்று சொல்லியிருப்பார். என் சீருடை யோசனைக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம்.

ஓகஸ்ட் 30

கலியாணச் சட்டைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது அடுப்புக்கு வருகிறேன். மூதூர்த் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துப் பாட்டை நீங்கள் தொடங்கினீர்கள். குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம். "மெய்வருத்தம் பாரார் பசிநோக்கார் கண்துஞ்சார்" என்று தொடங்கி "கருமமே கண்ணாயி னார்" என்று முடியும். எங்கள் ரீச்சர் நாங்கள் வகுப்பில் கொட்டாவி விடும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவார். நல்ல பாட்டு. ஆனால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: மெய்வருத்தம் யாருடையது? தன்னுடையது. பசி? தன்னுடைய பசி. தூக்கம், அவமதிப்பு, எல்லாம் தன்னுடையது. பக்கத்தில் ஒரு பிள்ளை பசிக்கிறது என்று அழுதால் இந்தக் கருமவீரர் என்ன செய்வார் என்பதற்குப் பாட்டில் இடமில்லை. அதை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பது பாட்டுக்கு வெளியே இருக்கிறது.

அந்த வேறு யாரோ யார்? இராமானுஜன் கணக்குப் போடும்போது எழும்பாமல் இருப்பதற்காக, வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைப்பார்களாம். மனைவி ஜானகி பிற்காலத்தில் சொன்னது. கடதாசி விலை என்று சிலேட்டில் எழுதி, துணி தேடி நேரம் போகக்கூடாது என்று முழங்கையாலேயே அழித்த மனிதர். சோற்றுக்கு மட்டும் எழும்பியிருப்பாரா? அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்குகளில் அந்த உருண்டைச் சோறும் இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

வாசஸ்பதி மிஸ்ரர் கதை இன்னும் பழையது. மிதிலையில் சங்கரரின் பாஷ்யத்துக்கு உரை எழுதிக்கொண்டிருக்கிறார். வருஷக்கணக்காகத் தினமும் பொழுது பட்டதும் யாரோ விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள். உரை முடிந்த இரவில் நிமிர்ந்து பார்த்து, "நீ யாரம்மா?" என்று கேட்கிறார். "உங்கள் மனைவி." வெட்கப்பட்டு, அந்த நூலுக்கு அவள் பெயரையே வைத்தார்: பாமதி. செவிவழிக் கதைதான். ஆனால் நூல் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கேட்கிற எல்லோரும் கண் கலங்குகிறார்கள். எனக்கு வருவது கண்ணீர் இல்லை. புத்தகத்தின் மேல் பெயரைப் பார்த்து அந்த அம்மா என்ன சொன்னார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இனி மறுபக்கம். சகுந்தலை தன் யோசனையில் ஆழ்ந்து இருக்கிறாள். துர்வாசர் வாசலில் வந்து கூப்பிடுகிறார். கேட்கவில்லை. மெக்டொனால்டும் லாவியும் சொன்ன அதே கதைதான். முனிவர் என்ன செய்கிறார்? "நீ யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அவன் உன்னை மறப்பான்" என்று சாபம். வியாச பாரதத்துச் சகுந்தலை கதையில் இந்தச் சாபமே கிடையாது, காளிதாசர் நாடகத்தில்தான் வருகிறது. அங்கே துஷ்யந்தன் மறந்ததற்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது. பழி, கூப்பிட்டது கேட்காமல் இருந்த பெண்ணின் தலையில் போனது.

ஆண் ஆழ்ந்தால் நூல். பெண் ஆழ்ந்தால் சாபம். மூதூரில் எப்படி?

செப்டெம்பர் 2

"எல்லாவற்றையும் ஆண் பெண் சண்டையாக்குகிறீர்கள்" என்று நிலாவெளியிலிருந்து ஒருவர். சரி, ஆண் பெண்ணை விடுவோம். காஸ் பற்றிப் பேசுவோம்.

2022 நெருக்கடி ஞாபகம் இருக்கிறதா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டர் பூட்டிய மெஷின் சும்மா கிடந்தது. அம்மாவின் பழைய கால்மெஷினை இழுத்து வைத்து, வாருக்குப் பதிலாக எதையோ கட்டிச் சமாளித்தேன். முதலில் கால் பிசகிச் சில்லு பின்பக்கம் சுழன்று நூல் அறுந்துகொண்டே இருந்தது. பிறகு கால் பழகிவிட்டது. அதில் ஒரு சுகம் இருக்கிறது, மோட்டரில் இல்லாதது: வேகத்தைக் கால்தான் முடிவு செய்கிறது, கை கேட்கிறதற்கு முன்னால் கால் மெதுவாகிவிடுகிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

கால்மெஷின் இருந்தது, நேரம் இருந்தது, யன்னல் வெளிச்சம் இருந்தது. ஆனாலும் வேலைக்குள் போகவே முடியவில்லை. காஸ் இல்லையே. சிலிண்டர் வரிசையில் இவர் போய் நின்று வெறுங்கையோடு வருவார். விறகடுப்பு. காஸ் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஒரு கைத்துண்டு பொருத்தலாம். விறகை அப்படி விட முடியாது. தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணையும், அல்லது அடிப்பிடிக்கும். பிறகு மாமி அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்தார். எழுபதைத் தாண்டியவர், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பலகைக்கட்டையில் குந்தியிருந்தார். நான் தைத்தேன், நன்றாகவே தைத்தேன். அந்த மாதங்களில் நான் வேலையில் மூழ்கினேன் என்றால் அது மாமியின் கண் எரிந்ததால்.

நிலாவெளி ஐயா, இப்போது ஆண் எங்கே, பெண் எங்கே? யாராவது ஒருவர் முழுதாய் உள்ளே போக, இன்னொருவர் வெளியே விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் நான் முதல் நாள் கேட்டது.

செப்டெம்பர் 7

தனியாக இருக்கிறவர் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

என் தம்பி நிலாவெளியில் சுழியோடிகளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை செய்கிறான். இப்போது பருவம் முடியப் போகிறது. வாடைக்காற்றோடு கடல் கலங்கிவிடும். அவனிடம் இதைப் பற்றிக் கேட்டேன், சிரித்தான். "அக்கா, உங்களுக்கு அது வரம். எங்களுக்கு அதுதான் முதல் ஆபத்து."

இங்கே கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடக்கின்றன. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கிப் பார்த்த இடம். அங்கே கூட்டிப்போகிற ஆட்கள் தூணைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்களாம். தடவிப் பார்ப்பார்கள், சுற்றி வருவார்கள், படம் எடுப்பார்கள். முதுகில் சிலிண்டர் குறைந்துகொண்டே போகும். தரையில் இழுக்கிற அதே மூச்சுக்கு 10 மீற்றர் ஆழத்தில் இரண்டு மடங்கு காற்றுப் போகும், 20 மீற்றரில் மூன்று மடங்கு, தண்ணீரின் அழுத்தம் அப்படி. சந்தோஷத்தில் மூச்சும் வேகமாகும். ஆகவே இறங்குகிறபோதே பழக்குவார்கள்: பார்ப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிற மீற்றரை அடிக்கடி பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தைப் 'பார்' என்ற அலகில் சொல்வார்கள். 200 பாரோடு இறங்கினால் 50 வந்ததும் திரும்ப வேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒரு துணை. வீட்டில் துணை இல்லாதவர் அந்த மீற்றர் பார்க்கிற பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

30 மீற்றருக்குக் கீழே போனால் நைதரசனே தலைக்கு ஏறி ஒரு மயக்கச் சந்தோஷம் வருமாம். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். "அந்த நேரம் வருகிற சந்தோஷத்தை நம்பக்கூடாது" என்றான். நான் இதை மெஷினுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டலாமா என்று யோசித்தேன்.

செப்டெம்பர் 8

தம்பி வாசித்துவிட்டுப் போன் எடுத்தான். 50 பார் வந்ததும் திரும்புவது இல்லையாம், 50 மிச்சம் இருக்கும்போது மேலே வந்து முகம் காட்டியிருக்க வேண்டுமாம். திரும்புவது அதற்கு எவ்வளவோ முன்னால். "இப்படி எழுதினால் யாரும் என்னோடு கடலுக்கு வரமாட்டார்கள்" என்கிறான். திருத்திக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு முன்னால் இருப்பதே தெரியாமல் போகுமா என்று அவன் கேட்டான். போகும். சைமன்ஸ், சப்ரிஸ் இருவரும் 1999-இல் காட்டிய படம் பிரபலம். வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து நின்று நெஞ்சில் அடித்துவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 2013-இல் இதையே நெஞ்சு ஸ்கான் படம் பார்க்கிற வைத்திய நிபுணர்களிடம் செய்தார்கள். நுரையீரலில் கட்டியைத் தேடச் சொல்லி, படத்துக்குள் கொரில்லாவை வைத்தார்கள். 24 பேரில் 20 பேர் காணவில்லை. தொழில் தெரிந்தவர்கள், நல்ல நிபுணர்கள், முழுக் கவனத்தோடு பார்த்தவர்கள்.

"மரத்தை மறைத்தது மாமத யானை" என்று திருமூலர் யானையை வைத்துச் சொன்னார். அவர்களுக்குக் கிடைத்தது கொரில்லா.

செப்டெம்பர் 15

நவராத்திரிக்குத் துணி வரத் தொடங்கிவிட்டது. உருப்படியாக ஏதாவது சொல்லு என்கிறீர்கள், சொல்கிறேன்.

எல்லாக் குறுக்கீடும் ஒன்றல்ல. தைக்கும்போது கூப்பிட்டால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டுப் போகலாம், வந்து அதே இடத்தில் தொடங்கலாம். பிழைத்தாலும் பிரிக்கலாம். வெட்டும்போது கூப்பிட்டால்தான் கேடு. பிரிக்கிறதற்குக் கத்தரியில் வழி இல்லை, அதுவும் பட்டு. ஆகவே வெட்டுகிற வேலையை விடியற்காலையில் வைத்திருக்கிறேன். பத்திரகாளி அம்பாள் கோயில் மணி கேட்கும், வேறு ஒன்றும் கேட்காது. பகலில் தையல், ஓவர்லொக், கொக்கி, வந்து போகிறவர்களோடு கதை. வரைபடத்திலும் எது கத்தரி வேலை, எது ஊசி வேலை என்று நீங்கள் பிரித்துப் பார்க்கலாம். நாள் முழுவதும் கத்தரி பிடிப்பதாக நடிக்கக்கூடாது. என் வீட்டில் நான் நடித்திருக்கிறேன், நன்றாக எடுபடும்.

எழும்புவதற்கு முன்னால் ஒரு குறி. துணியில் சோக்கட்டியால் ஒரு அம்பு: அடுத்து இந்தப் பக்கம். சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார், ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது பழைய வேலையின் ஒரு பங்கு மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று. சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு "ம், ம்" என்கிறோமே, அதுதான். அம்பு போட்டுவிட்டால் என் மனம் இலேசாக விட்டுவிடுகிறது. நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, துணி வைத்திருக்கிறது.

இன்னொன்று. குளோரியா மார்க் குழு 2008-இல் பார்த்தது எனக்கு வியப்பு: இடையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. ஆகவே "கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வேலையே முடியவில்லை" என்று சொல்லும்போது கொஞ்சம் கவனம். வேலை முடிந்திருக்கும். முகம்தான் அப்படி ஆகியிருக்கும்.

செப்டெம்பர் 16

மகன் விளையாட்டுக் கட்டைகளோடு உட்கார்ந்தால் எழும்புவதே இல்லை, பாடத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் இருக்கமாட்டான் என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கவனக்குறைவுக் குறைபாடு உள்ளவர்கள் பிடித்த விஷயத்தில் மிக ஆழமாகப் போவதுண்டு. அது மட்டும் இருந்தால் குறைபாடு என்று ஆகாது. நோயை அடையாளம் காண்கிற பட்டியலில் அது இல்லவே இல்லை. தையல்காரியிடம் கேட்கிற கேள்வி இல்லை அம்மா. பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள்.

செப்டெம்பர் 28

மூதூர்த் தம்பி கடைசியில் வந்துவிட்டார். அடுப்பில் என்ன இருந்தது என்று இன்னும் தெரியாதாம். ஆனால் மனைவியிடம் வேறொன்று கேட்டிருக்கிறார்: "நீ எதில் இப்படி மூழ்குவாய்?" அவர் மனைவி சிரித்துவிட்டு, இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னாராம். இவர் அதைப் போன் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தாராம். போன கிழமை பகலில் கொஞ்சம் படிக்க இருந்தபோது பருப்பு அடிப்பிடித்தது, வீடே சத்தம் போட்டது, சத்தம் போட்டதில் இவரும் ஒருவர்.

துர்வாசரே, வாருங்கள்.

இனி மாற்றப் போகிறேன், எப்படித் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். புத்தகத்துக்கு அவள் பெயரை வைக்கிற வேலை எல்லாம் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் வந்தால் இங்கே கோட்டைக்குள் மான் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அலுக்காது. ஒன்று மட்டும்: "தண்ணீர்ப் போத்தல் எங்கே, சின்னவனின் சட்டை எங்கே" என்று போன் எடுக்கக்கூடாது. போத்தல் இல்லாவிட்டால் கடையில் வாங்குங்கள்.

ஒக்டோபர் 3

இரண்டு சனிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் சனிக்கு முன்னாலேயே மூன்று கேள்வி வந்துவிட்டது. மனைவி அந்த நேரம் படிக்காமல் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்பது அதில் ஒன்று. தூங்கட்டும்.

கால்மெஷின் பற்றித் தனியாக எழுதச் சொன்னவர்களுக்கு: தீபாவளி முடியட்டும். சட்டைக்கு ஓடர் எடுப்பதை நேற்றோடு நிறுத்திவிட்டேன், தெரிந்தவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், மாமியும் இந்த முறை சிபாரிசு செய்யமாட்டார்.